நாயோடு மலைக்குக் கிளம்புகிறவர்கள் அட்வான்ஸ் கட்டுமுன் இதைப் படியுங்கள்

மே மாத லீவுக்கு மலையில் ரூம் தேடிக்கொண்டிருக்கும் சென்னைக்காரர்களுக்காக, அதிலும் வீட்டில் நாய் வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோத்தகிரிப் பக்கம் ‘பெட் பிரெண்ட்லி’ என்று விளம்பரம் செய்யும் ஒரு காட்டேஜ் எங்களை ஏமாற்றியது. பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். அங்கே சொன்னபடி நாங்கள் கேட்டிருந்தால் எங்கள் ராகியைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். அதுதான் என் கோபம். நுகர்வோர் புகார் கொடுத்திருப்பதால் இடத்தின் பெயரை இப்போது சொல்லவில்லை.

ராகி நாட்டு நாய். பெரம்பூரில் எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் ஓரமாகக் கிடந்த குட்டியை என் மகன் தூக்கிவந்தான். மாநகராட்சி லைசென்ஸ், ரேபிஸ் ஊசி எல்லாம் சரியாக இருக்கிறது. போர்டிங்கில் விட்டால் சாப்பிட மாட்டாள். அதனால் எங்கே போனாலும் அவளையும் கூட்டிக்கொண்டு போவது என்பதுதான் எங்கள் வீட்டு முடிவு. கத்திரி வெயிலில் அவள் படும் பாட்டைப் பார்த்துத்தான் இந்த முறை குளிரான ஊராகத் தேடினோம்.

இன்ஸ்டாகிராமில் அந்த காட்டேஜ் கண்ணில் பட்டது. சோபாவில் ஒரு லாப்ரடார் படுத்திருக்கும் படம், தேயிலைத் தோட்டத்தில் நாய் ஓடும் வீடியோ. போன் செய்தேன். “தாராளமா கூட்டிட்டு வாங்க மேடம், அதுவும் ஃபேமிலி மெம்பர்தானே” என்றார் மேனேஜர். நான் அதோடு விடவில்லை. வாட்ஸ்அப்பில் “நாட்டு நாய், பதினெட்டு கிலோ, ராத்திரி எங்களோடு ரூமுக்குள்தான் படுக்கும், சரியா? தனிக் கட்டணம் உண்டா?” என்று கேட்டேன். “நோ இஷ்யூ மேம், எக்ஸ்ட்ரா எதுவும் இல்லை” என்று பதில் வந்தது. அதன் பிறகே ₹10,000 அட்வான்ஸ் அனுப்பினேன்.

500 கிலோமீட்டருக்கு மேல் பயணம். விடியற்காலை இருட்டிலேயே கிளம்பினோம், பரனூர் சுங்கச்சாவடியை வெயில் ஏறுமுன் தாண்டிவிட வேண்டும் என்று. நாயோடு கோடையில் காரில் போவது எவ்வளவு கஷ்டம் என்று பழகியவர்களுக்குத் தெரியும். நம்மைப்போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது, பெரும்பாலும் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்றும். நிறுத்திய கார் வெயிலில் சில நிமிடத்திலேயே அடுப்பாகிவிடும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டாலும் பிரயோஜனம் இல்லை. அதனால் சேலத்தில் நாங்கள் முறை வைத்துத்தான் சாப்பிட்டோம். அத்தையும் மகனும் ஹோட்டலுக்குள் போனபோது நானும் கணவரும் ராகியோடு புளியமர நிழலில் நின்றோம்.

மேட்டுப்பாளையம் தாண்டி குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் இ-பாஸ் பார்த்தார்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை இருப்பதால் அதையும் தேடிப் பார்த்தார்கள். நாய்க்கான தண்ணீரை எவர்சில்வர் தூக்கில் வைத்திருந்தோம், பிரச்சினை இல்லை.

காட்டேஜ் வாசலில் கேர்டேக்கர் ராகியைப் பார்த்ததும் முகம் மாறினார். “நாய் உள்ள வரக்கூடாதுங்க. பின்னால ஷெட் இருக்கு, அங்க கட்டிக்கலாம்” என்றார். சமையலறைக்குப் பின்னால் மூன்று பக்கம் தகரம், ஒரு பக்கம் திறந்த கொட்டகை. ஒரு இரும்புச் சங்கிலி. நாலடி தள்ளித் தேயிலைத் தோட்டம், அதற்கப்பால் சோலைக்காடு. வேலி கிடையாது.

மேனேஜரின் மெசேஜைக் காட்டினேன். அவருக்கே போன் போட்டேன். குரலே வேறாக இருந்தது. “பிரிமிசஸ்ல அலவ்டுன்னுதான் மேடம் சொன்னோம். ரூம்ல வேணும்னா ஒரு ராத்திரிக்கு ₹2,000 கிளீனிங் சார்ஜ், ₹5,000 டெபாசிட், கேஷா. அதுவும் பிரீட் நாய்னா பரவாயில்ல. தெரு நாயெல்லாம் மத்த கெஸ்ட் கம்ப்ளெய்ன்ட் பண்ணுவாங்க.” பக்கத்தில் நின்ற என் மகனுக்கு அது கேட்டது. அவன் ராகியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டான்.

சீசன் நேரம், இருட்டிக்கொண்டிருந்தது, அத்தைக்கு முழங்கால் வலி. வேறு வழி இல்லாமல் கேட்டதைக் கொடுக்கவும் தயாரானோம். பணத்தை எடுக்கும்போது கேர்டேக்கருக்கு மறுபடி போன் வந்தது. ஓனர் வேண்டாம் என்கிறாராம், ஷெட் மட்டும்தானாம்.

அப்போதுதான் தோட்ட வேலை முடித்துப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மா வாசலில் நின்றார். “வெளில கட்டிராத கண்ணு. இங்க சிறுத்தை வந்துட்டுப் போவுது. எங்க லைன் வீட்டு நாயைப் போன மாசந்தான் தூக்கிட்டுப் போச்சு” என்றார். நான் கேர்டேக்கரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. சிறுத்தைக்கு நாய் எளிதில் கிடைக்கும் இரை. நீலகிரி ஊர்களில் வாசலில் கட்டிய நாயைக் கவ்விக்கொண்டு போவது புதிதல்ல. கோத்தகிரிப் பக்கம் கரடி நடமாட்டமும் உண்டு. இது தெரிந்தும், ஓடித் தப்பக்கூட முடியாதபடி ஒரு நாயைச் சங்கிலியில் கட்டச் சொல்ல மனிதருக்கு மனசு வருகிறது என்பதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

அத்தையையும் மகனையும் ரூமில் படுக்கவைத்துவிட்டு, நாங்கள் இருவரும் ராகியோடு காரிலேயே உட்கார்ந்திருந்தோம். குளிரில் கணவரின் மடியில் சுருண்டு தூங்கினாள். வெளிச்சம் வந்ததும் கிளம்பிவிட்டோம். அட்வான்ஸைக் கேட்டதற்கு “நீங்களா கேன்சல் பண்ணினா ரீஃபண்ட் இல்ல” என்றார்கள். அவர்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் நான் எழுதிய கமெண்ட்டை அழித்து என் எண்ணையும் பிளாக் செய்துவிட்டார்கள். லாப்ரடார் படம் இன்னும் அங்கேயே இருக்கிறது.

ஊருக்கு வந்ததும் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன், தமிழிலேயே பேசலாம். அவர்கள் எதிர்த்தரப்புக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள், தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. சில நாளில் வேறு எண்ணிலிருந்து மேனேஜர் பேசினார். பாதிப் பணம் தருகிறோம், யாரிடமும் இதைச் சொல்லாதீர்கள் என்றார். மறுத்துவிட்டேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். பலர் இதற்காக நீலகிரிக்கு அலைய வேண்டும் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம், நாம் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருட அவகாசம் உண்டு. என் கையில் பலமாக இருப்பது அந்த “நோ இஷ்யூ மேம்” மெசேஜ்தான். போனில் மட்டும் பேசியிருந்தால் நான் சொல்வதற்கு ஒரு சாட்சியும் இருந்திருக்காது.

ஆகவே எந்த ஊர், எந்த வியூ என்பதையெல்லாம் பிறகு பாருங்கள். ராத்திரி நாய் எங்கே படுக்கும்? அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். பதிலை எழுத்தில் வாங்குங்கள், தனிக் கட்டணம், டெபாசிட், நாட்டு நாய்க்கு அனுமதி எல்லாவற்றையும் சேர்த்து. இப்போதைய ரூமையும் சுற்று வேலியையும் வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள், எங்களுக்குக் காட்டியது எந்தக் காலத்துப் படமோ தெரியாது. அதே ஊரில் கால்நடை மருத்துவர் எங்கே இருக்கிறார் என்றும் விசாரித்து வையுங்கள். நமக்கு இங்கே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, மலையில் ராத்திரி ஒரு டாக்டர் கிடைப்பது சாதாரணமில்லை. முதுமலை மாதிரி புலிகள் காப்பகங்களுக்குள் நாயைக் கொண்டுபோகும் எண்ணமே வேண்டாம். டிஸ்டெம்பர் போன்ற நாய் நோய்கள் காட்டு விலங்குகளுக்கும் தொற்றும், அந்தத் தடை நியாயமானது.

ரயிலில் போகலாமா என்று சிலர் கேட்டார்கள். முதல் வகுப்பில் கூபே அல்லது கேபின் முழுவதும் நம் பெயரில் இருந்தால் மட்டுமே நாய் நம்மோடு வரலாம், பார்சல் அலுவலகத்தில் தனியாகப் பதிய வேண்டும். செகண்ட் ஏசி, தேர்ட் ஏசி, ஸ்லீப்பரில் அனுமதி இல்லை. கார்டு பெட்டியில் உள்ள நாய்க் கூண்டில் கோடைகாலத்தில் அனுப்புவதை நான் செய்ய மாட்டேன்.

கோத்தகிரிப் பக்கம் ஏற்கெனவே அட்வான்ஸ் கட்டியிருப்பவர்கள் சந்தேகம் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். அதே இடமா என்று பார்த்துச் சொல்கிறேன், மெசேஜ் ஸ்கிரீன்ஷாட்டும் தருகிறேன். அங்கே போய் இதேபோல் பட்டவர்கள் யாராவது இருந்தால் உங்கள் ரசீதையும் வாட்ஸ்அப் மெசேஜ்களையும் அழிக்காமல் வைத்திருங்கள். ஆணையத்தில் நான் ஒருத்தி சொல்வதைவிட நாலு பேர் சேர்ந்து சொன்னால் அந்த விளம்பரத்தை அவர்கள் எடுத்தே ஆக வேண்டியிருக்கும்.