மலையில் ஜியோகேச்சிங்: கார்மின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் எப்படி உழைக்கிறது?

கையில் போன் இருக்கும்போது தனி ஜிபிஎஸ் எதற்கு? யாரோ ஒளித்து வைத்த பெட்டியை (இதுதான் கேச்) ஜிபிஎஸ் எண்களை வைத்துத் தேடும் விளையாட்டுதான் ஜியோகேச்சிங். இங்கிலாந்தின் மலைப்பகுதியான லேக் டிஸ்ட்ரிக்ட் பக்கம் அப்படிப் பெட்டி தேடிப் போகிறவர்களுக்குப் பதில் சுலபம்: மழை, கையுறை. நனைந்த தொடுதிரை விரல் சொன்னபடி கேட்காது. ஈட்ரெக்ஸ் 22எக்ஸில் தொடுதிரையே கிடையாது, ஒரு குட்டி ஜாய்ஸ்டிக்கும் ஓரப் பொத்தான்களும்தான். இரண்டு ஏஏ பேட்டரியில் 25 மணி நேரம் ஓடும் என்பது கம்பெனிக் கணக்கு. திரை வெளிச்சத்தைக் கூட்டினால் குறையும். ரீசார்ஜ் பேட்டரி போட்டால் செட்டிங்ஸில் பேட்டரி வகையையும் மாற்றுங்கள். அதன் வோல்ட்டேஜ் குறைவு என்பதால், மாற்றாவிட்டால் தீரும் முன்பே தீர்ந்துவிட்டதாகக் காட்டும்.

ஜியோகேச்சிங் இணையதளத்திலிருந்து கேச் விவரத்தை ஜிபிஎக்ஸ் என்னும் இடக்குறிப்புக் கோப்பாக இறக்கி, கருவியின் ஜிபிஎக்ஸ் ஃபோல்டரில் போட்டால் குறிப்போடு வந்துவிடும். இதற்கு அந்தத் தளத்தில் பிரீமியம் கணக்கு வேண்டும். பெட்டி இருக்கும் இடத்தின் எண்களைக் கையால் ஏற்றுகிறவர்கள், பாகையும் தசம நிமிடமும் கொண்ட வடிவம் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். அட்சரேகையில் 27.500 நிமிடத்தை 27 நிமிடம் 50 விநாடி என்று ஏற்றினால் 600 மீட்டருக்கு மேல் தள்ளிப் போய் நிற்பீர்கள்.

22எக்ஸில் மின்னணுத் திசைகாட்டி இல்லை, அதன் அண்ணன் மாடலான 32எக்ஸில் உண்டு. அதனால் 22எக்ஸில், பெட்டி இருக்கும் திசையைக் காட்டும் அம்பை நடக்கும்போது மட்டும்தான் நம்பலாம். நின்றால் அது இஷ்டத்துக்குச் சுற்றும். பத்தடி நடந்து பார்த்தால் சரியாகிவிடும். லேக் டிஸ்ட்ரிக்டின் காட்பெல்ஸ் மலை 451 மீட்டர்தான், ஆனால் அடிவாரத்து ஹாஸ் எண்டிலிருந்து முகடு வழியே ஏறும்போது அம்பு சட்டென்று பக்கச் சரிவைக் காட்டும். உடனே இறங்காதீர்கள். திரை காட்டும் 40 மீட்டர் என்பது கிடைமட்டத் தூரம், நடுவில் பாறை இருப்பது அம்புக்குத் தெரியாது. அம்பு பாதைக்குச் செங்குத்தாகத் திரும்பி, தூரம் குறைவதும் நின்ற இடத்தில்தான் பாதையை விட்டு விலக வேண்டும்.

கடைசி ஐந்து மீட்டருக்கு நண்பர்தான் வேண்டும். திறந்த வெளியிலேயே சில மீட்டர் பிசகும். பாறைச் சுவரடியில் சிக்னல் எதிரொலித்து இன்னும் தள்ளும். ஒருவர் கருவியோடு வேறொரு திசையிலிருந்து நடந்து வரட்டும், மற்றவர் போனில் பார்க்கட்டும். இரண்டும் ஒத்துப்போகாது, "இங்கேதான்டா", "இல்லடா, அங்கே" என்று வாய்ச்சண்டையும் நிச்சயம். இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே, ஆள் வைத்ததுபோல் அடுக்கிய கல்லைத் தேடுங்கள். கோடையில் பெரணி இடுப்பளவு வளர்ந்து எல்லாவற்றையும் மூடிவிடும், குளிர்காலமே தேடச் சௌகரியம். சாந்தில்லாத கல் சுவர்களில் மட்டும் கை வைக்க வேண்டாம். அங்கே ஒளிப்பதற்கே அனுமதியில்லை.

பெட்டி கிடைத்ததும் உள்ளிருக்கும் பதிவேட்டில் பெயர் எழுதப் பென்சில் எடுங்கள், ஈரத்தாளில் பால்பாயின்ட் எழுதாது. பெட்டி ஒரு ஃபிலிம் டப்பாவாக இருந்தால், உள்ளே சுருண்ட தாளை உருவ ட்வீசர் வேண்டும். மூடும்போது உள்ளிருக்கும் பிளாஸ்டிக் பையின் ஓரம் மூடியின் ரப்பர் வளையத்தில் மாட்டுகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அந்த ஒரு மடிப்பு போதும், அடுத்த மழையில் பதிவேடு கூழாகிவிடும்.