பத்து நம்பர் ஸ்பானரும் புதூர் ஷெட்டும்

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் காலை அப்பாவின் ஆல்டோ செல்ஃப் எடுக்கவில்லை. சாவியைத் திருப்பினால் பல்லி மாதிரி 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். டேஷ்போர்டு விளக்குகள் மங்கி அணைந்தன. திருநகரிலிருந்து திருப்பரங்குன்றம் கோயிலுக்குக் கிளம்பிப் பூக்கூடையோடு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்த அம்மா, "ஆட்டோவக் கூப்பிடுடா" என்று இறங்கிவிட்டார்.

எனக்கு இது கௌரவப் பிரச்சினை. டல்லாஸ் பக்கம் என் காருக்கு ஆயில், பேட்டரி, பிரேக் பேட் எல்லாம் நானேதான் மாற்றுகிறேன். ஆர்வம் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் காரணம் காசுதான். அங்கே மெக்கானிக் கூலி மணிக்கு நூறு டாலரைத் தாண்டும். முப்பது டாலர் பெல்ட்டை மாட்ட நூற்றைம்பது டாலர் கொடுக்க மனசு வராது. ஸ்பேர் கடைகளில் டெபாசிட் வாங்கிக்கொண்டு கருவிகளை இரவல் தருவார்கள். திருப்பிக் கொடுத்தால் பணமும் திரும்பிவிடும். அப்புறம் ஒரு சனிக்கிழமை மதியம், கராஜ் நிழல், எதிரே யூடியூப். இப்படிப் பத்து வருஷம் ஓட்டியவன், அப்பாவின் கார் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா?

அப்பா அதற்குள் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டுவிட்டார். மறுநாள் ஒரு பையன் வந்து பார்த்தான், சாயங்காலம் வாட்ஸ்அப்பில் எஸ்டிமேட் வந்தது: 9,340 ரூபாய். புது பேட்டரி, த்ராட்டில் பாடி கிளீனிங், ஏசி கிருமிநீக்கம், வீல் அலைன்மென்ட். ஸ்டார்ட்டே ஆகாத வண்டிக்கு வீல் அலைன்மென்ட் எதற்கு என்று கேட்டேன். "பேக்கேஜ்ல வருது சார்" என்றார்கள். சரி என்று போனை வைத்துவிட்டேன்.

பானெட்டைத் திறந்தால் பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் பச்சையும் நீலமுமாக உப்புப் பூத்திருந்தது. ஆசிட் ஆவி உலோகத்தை அரித்துச் சேரும் பொடி அது. முனைக்கும் கிளாம்புக்கும் நடுவில் புகுந்துகொண்டால், ஸ்டார்ட்டர் மோட்டார் கேட்கிற அளவு கரன்ட் போகாது. எதிர்வீட்டுத் தம்பியிடம் பத்து நம்பர் ஸ்பானர் வாங்கினேன். முதலில் நெகட்டிவ், அப்புறம் பாசிட்டிவ். மாற்றிச் செய்தால், பாசிட்டிவ் நட்டைத் திருகும்போது ஸ்பானர் வண்டியின் பாடியில் பட்டாலே தீப்பொறி பறக்கும். அம்மாவிடம் ஆப்பச் சோடா வாங்கிச் சுடுதண்ணீரில் கரைத்து ஊற்றினேன், நுரைத்துக்கொண்டு கழன்றது. பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, பாசிட்டிவை முதலில் மாட்டி இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின். சாவியைத் திருப்பினேன். ஒரே இழுப்பில் எடுத்தது.

தெருவில் நான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "ஏண்டா, இதுக்குத்தான் அமெரிக்கா போனியா?" என்று அம்மா கேட்டாலும், குரலில் பெருமைதான் தெரிந்தது.

அந்த ஜோரில் பழங்காநத்தம் பக்கம் ஒரு பேட்டரிக் கடையில் காட்டினேன். "நாலு வருஷம் ஆச்சு சார், மதுரை வெயிலுக்கு இதுவே அதிகம். பழசக் குடுத்துட்டு 3,900 குடுங்க." வெயிலைப் பற்றி அவர் சொன்னது சரிதான், பேட்டரியைக் குளிரைவிடச் சூடுதான் சீக்கிரம் தின்னும். பழசுக்குக் கழிப்பதும் தாராள மனசால் இல்லை, உள்ளே இருக்கிற ஈயத்துக்கு. அமெரிக்காவில் 'கோர் சார்ஜ்' என்று முன்கூட்டியே பிடித்து வைத்து, பழசைக் கொடுத்ததும் திருப்பித் தருவார்கள். இங்கேயும் பழைய பேட்டரியைத் திரும்ப வாங்க 2001-லேயே விதி வந்தது, 2022-இல் அதைப் புதுப்பித்தார்கள். அழகர்கோவில் போய் வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன்.

போகும்போது ஒன்றும் இல்லை. திரும்பும்போது அப்பன்திருப்பதி தாண்டி டீ குடிக்க நிறுத்தினோம். அதோடு சரி. மறுபடியும் பல்லி.

டீக்கடையில் இருந்தவர்களே தள்ள வந்தார்கள். "ரெண்டாவது கியர் போட்டு கிளட்ச்ச மிதிச்சுக்கங்க, சொல்லும்போது விடுங்க." பேட்டரியில் கொஞ்சம் உயிர் மிச்சம் இருந்ததால் எடுத்தது. முழுக்கச் செத்திருந்தால் இந்தக் காலத்து வண்டியில் தள்ளியும் பயன் இல்லை. பெட்ரோல் பம்ப்பும் கம்ப்யூட்டரும் உயிர் பெறவே கரன்ட் வேண்டும். ஏசி, பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எங்கேயும் நிற்காமல் ஓட்டினேன். கோ.புதூரில் ஒரு வேப்பமரத்தடி ஷெட், நாலு கார் நிற்கிற இடம். உள்ளே விடும்போதே அங்கிருந்தவர் கையைக் காட்டினார்: "ஆஃப் பண்ணிராதீங்க தம்பி."

ஐம்பது வயது இருக்கும். பானெட்டைத் தூக்கி, ஒன்றையும் தொடாமல் கொஞ்ச நேரம் காது கொடுத்தார். "ஹெட்லைட்ட ஹையில போடுங்க. ஏசியையும் போடுங்க." போட்டதும் 'கீச்ச்' என்று ஒரு சத்தம். என் காதிலும் அது இரண்டு நாளாக விழுந்துகொண்டுதான் இருந்தது, பழைய வண்டிதானே என்று விட்டிருந்தேன். என்ஜினை அணைத்துவிட்டுக் கட்டை விரலால் பெல்ட்டை அழுத்தினார். விரல் பாட்டுக்கு உள்ளே போனது. "டைனமோ பெல்ட்டு வழுக்குதுண்ணே" என்றார் அப்பாவிடம். என்ஜின் ஓடும்போது பெல்ட்டால் சுழன்று பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரை இங்கே இன்னமும் டைனமோ என்றுதான் சொல்கிறார்கள். "பேட்டரி நல்லாத்தான் இருக்கு. சார்ஜ் ஏறல. நீங்க புதுசு போட்டாலும் ஒரு வாரத்துல இதே கதைதான்."

டல்லாஸாக இருந்தால் மல்டிமீட்டரை வைத்திருப்பேன். வண்டி நிற்கும்போது 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது; ஓடும்போது 14 பக்கம் ஏற வேண்டும், ஏறவில்லை என்றால் கோளாறு சார்ஜ் ஆகும் பக்கம். இரண்டு நிமிட வேலை. முனையைத் துடைத்ததும் ஸ்டார்ட் ஆன சந்தோஷத்தில் அதைச் செய்யத் தோன்றவே இல்லை. கை வேலை எனக்கு வரும். நோய் பார்க்கிற காது அவருக்கு இருந்தது.

அடுத்து ஒரு தப்பு செய்தேன். "பெல்ட்ட நானே வாங்கிட்டு வர்றேண்ணே" என்றேன். லோக்கல் சாமானை மாட்டிவிட்டு ஒரிஜினல் விலை வாங்குவார்கள் என்று வெளிநாட்டுக்காரர்களுக்கு உறவினர்கள் ஓதி அனுப்புகிற பயம்தான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பழைய பெல்ட்டைக் கழற்றிக் கையில் கொடுத்தார். உட்புறம் பளபளவென்று வழுவழுத்து, குறுக்கே வெடித்திருந்தது. ஸ்பேர் கடையில் அதைக் காட்டியதும் கேட்ட முதல் கேள்வி: "எந்த ஷெட்டுண்ணே?" ஷெட்டு இல்லை, நான்தான் என்றேன். அட்டையில் அச்சடித்த 430-ஐ அப்படியே வாங்கினார். பக்கத்தில் கிரீஸ் படிந்த சட்டையோடு நின்ற பையனுக்கு அச்சு விலையில் கழித்துப் பில் போட்டதைப் பார்த்தேன்.

பெல்ட்டை மாட்டி, ஆல்டர்னேட்டரை நெம்பி இழுத்து இறுக்கி, ஓடவிட்டு, மறுபடி அழுத்திப் பார்த்து முடிக்க அரை மணி நேரம். "எவ்வளவுண்ணே?"

"இருநூறு குடுங்க."

"அவ்வளவுதானா?"

"பெல்ட்டத்தான் நீங்களே வாங்கிட்டீங்களே" என்று சிரித்தார்.

அப்போதுதான் உறைத்தது. டல்லாஸில் மெக்கானிக்கின் காதுக்கு 'டயக்னாஸ்டிக் ஃபீஸ்' என்று பில்லில் தனி வரி உண்டு, வண்டியைத் தொடும் முன்னே அதைச் சொல்லிவிடுவார்கள். புதூரில் அதற்குப் பில் கிடையாது. ஸ்பேர் கடை கழிக்கிற அந்தச் சில்லறைதான் அவர் காது கொடுத்த கூலி. அதைத்தான் நான் சாமர்த்தியமாகக் கெடுத்துவிட்டேன். 3,900 ரூபாய் பேட்டரிச் செலவைத் தடுத்தவருக்கு 200. ஐந்நூறாகக் கொடுத்தேன். நூறைத் திருப்பினார், மிச்சத்தை வாங்கிக்கொண்டார்.

அதனால் ஊருக்கு வருகிற நண்பர்களிடம் இப்போது நான் சொல்வது வேறு. சாமானை அவரையே வாங்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் பழைய சாமானையும் புதிதின் அட்டையையும் கேட்டு வாங்குங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நம் கையால் செய்ய வைப்பர் பிளேடு, ஏர் ஃபில்டர், பல்பு, பேட்டரி முனை இவை போதும். பிரேக்கை இங்கே நான் தொட மாட்டேன். வீட்டு முன்னால் சரிவான சிமென்ட் தளம், தாங்குகட்டை கிடையாது, வண்டியோடு வந்த ஜாக்கியை நம்பி அடியில் படுக்க எனக்குத் தைரியம் இல்லை. டல்லாஸில் அந்த வேலையில் எனக்கு மிஞ்சுவது முந்நூறு டாலர். மதுரையில் மிஞ்சுவது அறுநூறு எழுநூறு ரூபாய், அதுவும் பதினோரு மணி வெயிலில், தெருவே யோசனை சொல்ல.

கிளம்புவதற்கு முதல் நாள் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் 280 ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கி, எந்த முனையில் எதை வைப்பது என்று அப்பாவுக்குக் காட்டிவிட்டு வந்தேன். ஷெட்காரரின் நம்பரை அம்மா காலண்டரில் எழுதி வைத்தார்.

நேற்று இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம், மல்டிமீட்டரில் 12.5. கீழேயே அப்பாவின் குரல் பதிவு: "போன வாரம் 12.6 இருந்துச்சுப்பா. புதூர்க்காரருக்கு ஒரு போன் போட்டுரவா?"