பேசிக்கொண்டே இருந்ததாம், அதனால் அணைத்துவிட்டாராம்

லேப்டாப்பில் எச் எழுத்தும் ஸ்பேஸ் பாரும் செத்துப் போயின. பார்வையுள்ளவர்களுக்கு எச் போனால் ஒரு எழுத்து போனது, அவ்வளவுதான். பார்வையில்லாத எனக்குத் திரையைக் குரலில் வாசித்துச் சொல்வது ஸ்கிரீன் ரீடர் என்ற மென்பொருள். எச் போனால் எனக்கு இணையத்தில் பாதி போன மாதிரி, ஏனென்றால் ஒரு பக்கத்தில் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவுவது அந்த எழுத்தை வைத்துத்தான். சரி என்று கீபோர்டு மாற்றக் கொடுத்தேன். இரண்டு நாளில் வந்தது, சாவிகள் எல்லாம் புதுசு போல அழுந்துகின்றன, வேலை சுத்தம்.

வீட்டுக்கு வந்து ஆன் செய்தேன். லாகின் திரை பேசியது. பாஸ்வேர்டு போட்டு என்டர் தட்டியதும் நின்றுவிட்டது. ஒரு சத்தம் இல்லை.

கடைக்குப் போன் போட்டேன். "அதுவா சார், சும்மா பேசிக்கிட்டே இருந்துச்சு, அதான் ஆஃப் பண்ணிட்டேன்" என்றார். ரொம்ப அன்பாகத்தான் சொன்னார்.

2023 முதல் இந்த மெஷினில் டெபியன் 12 என்ற லினக்ஸ் ஓஎஸ், அதில் ஓர்கா என்ற ஸ்கிரீன் ரீடர். ஓர்காவை இயக்க ஆல்ட், விண்டோஸ் கீ, எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். அழுத்தினேன். மௌனம். மறுபடி அழுத்தினேன். மௌனம். இங்கேதான் மூன்று வருடமாக எனக்கும் இதற்கும் இருக்கிற தகராறு. இயக்கவும் அதே சாவிதான், நிறுத்தவும் அதே சாவிதான். ஒற்றைப்படையில் அழுத்தினால் ஆன், இரட்டைப்படையில் அழுத்தினால் ஆஃப். ஆன் ஆனதா இல்லையா என்று சொல்வது யார்? அதே குரல். குரல் வராத நேரத்தில்தானே இந்தச் சாவியைத் தேடுகிறேன்! பத்து தடவை அழுத்தினேனா பதினொன்றா என்று கணக்கே விட்டுப்போனது. வால்யூமைக் கூட்டினேன், இயர்போன் மாட்டினேன், ரீஸ்டார்ட் செய்தேன். லாகினில் அழகாகப் பேசும், உள்ளே போனதும் வாயை மூடிக்கொள்ளும்.

பக்கத்து வீட்டுப் பாப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "மாமா, எல்லாம் நல்லாதான் இருக்கு, படமெல்லாம் தெரியுது" என்றாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. கண் பார்ப்பவருக்கு அந்த நிமிடம் என் கம்ப்யூட்டர் நூறு சதவீதம் நலம்.

ஓஎஸ் வடிவமைக்கிறவர்கள் இந்த இடத்தைத்தான் யோசிப்பதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. நான் கேட்கும் ஒரு வார்த்தை எத்தனை கை மாறி வருகிறது தெரியுமா? செயலி தன்னிடம் என்ன இருக்கிறது என்று ஓர்காவிடம் சொல்ல வேண்டும், ஓர்கா அதை ஸ்பீச் டிஸ்பேச்சரிடம் கொடுக்க வேண்டும், அது எழுத்தைக் குரலாக்கும் ஈஸ்பீக்கிடம், ஈஸ்பீக் செய்த ஒலியைப் பைப்வயர் வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்ப வேண்டும். இதில் யார் படுத்தாலும் எனக்கு வந்து சேர்வது ஒரே செய்தி, மௌனம். சவுண்ட் கெட்டதற்காக யாருடைய திரையாவது கருப்பாகுமா? எனக்கு ஆகும். என் திரையே அந்தச் சவுண்டுதான். ஆனால் அதைப் பாட்டுக் கேட்கிற வசதியைப் போலத்தான் நடத்துகிறார்கள். திரையில் இருப்பதை விரலால் தொட்டுப் படிக்கும் புள்ளிகளாக்கிக் காட்டும் பிரெயில் டிஸ்ப்ளே வாங்கி வைத்துக்கொள்ளலாமே என்பவர்கள் அதன் விலையை ஒருமுறை விசாரித்துவிட்டு வரட்டும்.

கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், நியாயமாகச் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. இரண்டு மணி நேரம் திண்டாடிய பிறகுதான் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 நினைவுக்கு வந்தது. தட்டினால் வெறும் எழுத்துத் திரைக்குப் போகும். அங்கே பேசுவது ஓர்கா இல்லை, ஸ்பீக்கப் என்ற வேறொரு ஆள். லினக்ஸின் அடிப்படைப் பகுதியான கெர்னலோடு சேர்ந்தே வருவது. பல வருடம் கெர்னலின் திண்ணையில் உட்கார்ந்திருந்து 2020ல்தான் முறையாக உள்ளே சேர்த்துக்கொள்ளப்பட்டது. தட்டியதும் "லாகின்" என்றது பாருங்கள், காணாமல் போன பிள்ளை வாசலில் வந்து நின்ற மாதிரி இருந்தது.

அங்கிருந்து, ஒலி எந்தப் பக்கம் போகிறது என்று காட்டும் கட்டளையை அடித்தேன். ஹெச்டிஎம்ஐ என்றது, அதாவது வெளி மானிட்டரை மாட்டும் வழி. புரிந்துவிட்டது. கடையில் வெளி மானிட்டர் மாட்டிச் சோதித்திருக்கிறார், ஒலி அந்தப் பக்கம் திரும்பி அப்படியே நின்றிருக்கிறது. ஓர்காவையும் அணைத்திருக்கிறார். இரண்டு கோளாறு ஒரே நேரத்தில், இரண்டுக்கும் ஒரே அறிகுறி. லாகின் திரை மட்டும் பேசியதற்கும் காரணம் அதுதான், அது தனிப் பயனர் கணக்கில் ஓடுகிறது, அதற்குத் தனி அமைப்புகள், அதில் அவர் கை வைக்கவில்லை. ஒலி அமைப்பைச் சேமித்து வைத்திருந்த கோப்புறையை அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்து, உள்ளே போய் ஆல்ட், விண்டோஸ் கீ, எஸ் ஒரே ஒரு தடவை. "ஸ்கிரீன் ரீடர் ஆன்."

யார் துணையும் இல்லாமல் நானே சரி செய்தேன். இந்த ஓஎஸ்ஸை முதலில் நிறுவியதும் நானேதான். டெபியன் நிறுவும்போது தொடக்க மெனுவில் எஸ் தட்டி என்டர் அடித்தால் முதல் கேள்வியிலிருந்தே பேச ஆரம்பிக்கும், அப்படி நிறுவினால் நிறுவி முடித்த பிறகும் பேசும். அந்த மெனு வந்துவிட்டது என்று தெரிவிக்க ஒரு பீப் கூட உண்டு. ஆனால் அந்த பீப்பை ஒலிக்கும் பழைய ஸ்பீக்கர் புது லேப்டாப்கள் பலவற்றில் இல்லை, குத்துமதிப்பாகக் காத்திருந்து தட்ட வேண்டும்.

ஈஸ்பீக்கின் தமிழ்க் குரல் தகரம் மாதிரி இருக்கிறது என்று எல்லோரும் புலம்புகிறார்கள். எனக்குப் பழகிவிட்டது. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் மட்டும் போட்டுக் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் யாராவது கடிதம் அனுப்பினால் 'தமிழ்' என்ற சொல்லை ஜே, கே, பி, ஓ, செமிகோலன் என்று வாசிக்கும், அதற்கு ஓஎஸ்ஸைத் திட்டிப் பயனில்லை, அனுப்பினவரைத் திட்டலாம்.

இந்தக் கதையைக் கேட்ட கல்லூரித் தம்பி ஒருவன், "அண்ணா, நமக்குன்னே தனியா ஓஎஸ் இருக்காமே?" என்று கேட்டான். உண்டு. கிளவுஸ் நாப்பர் என்ற ஜெர்மானியர் பார்வையற்ற தன் மனைவியின் பெயரிலேயே அட்ரியேன் என்று ஒன்றை, தான் உருவாக்கிய நாப்பிக்ஸ் என்ற லினக்ஸில் செய்து வைத்திருக்கிறார். கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் பேசும், கீழ் அம்பு, என்டர், அவ்வளவுதான் பாடம். குரலே இடைமுகம் என்பதை அவர் வீட்டிலேயே பார்த்துப் புரிந்துகொண்டவர். உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸை வைத்து வினக்ஸ் என்று ஒன்று வந்துகொண்டிருந்தது, இப்போது இல்லை. தனி ஓஎஸ்களுக்கு அதுதான் தலையெழுத்து, செய்கிறவர் களைத்தால் முடிந்தது கதை.

தம்பிக்கு நான் சொன்ன முடிவு வேறு. விண்டோஸ் வாங்கு, என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரைப் போடு. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006ல் ஆரம்பித்தது, இன்றும் இலவசம். அதில் கன்ட்ரோல், ஆல்ட், என் தட்டினால் எத்தனை தடவை தட்டினாலும் ஆன்தான், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் மறுபடி தொடங்கும். நிறுத்த வேறு சாவி. தொடங்கும்போது ஏறும் ஸ்வரம், நிற்கும்போது இறங்கும் ஸ்வரம். ஹெச்டிஎம்ஐ பக்கம் ஒலி போயிருந்தால் அந்த ஸ்வரமும் கேட்டிருக்காது, உண்மைதான். ஆனாலும் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன்.

"அப்ப நீங்களும் மாறிடுவீங்களா அண்ணா?" என்றான். நான் எதற்கு மாற வேண்டும்? எனக்குத்தான் எஃப்3 தெரியுமே.

அடுத்த முறை கடைக்குப் போவதற்காகப் பாப்பாவிடம் ஒரு தாளில் 'இது பேசும், அணைக்க வேண்டாம்' என்று பெரிதாக எழுதச் சொல்லி லேப்டாப் மூடிமேல் ஒட்டியிருக்கிறேன். எழுதும்போது ஏனோ ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டே இருந்தாள்.