லைஃப் மிஷன்: மூணாறு லயத்துக்காரருக்கு எவ்வளவு உதவும்?

2011 மக்கள்தொகைக் கணக்கில் வீடற்றோர் என்றால் நடைபாதையிலும் மேம்பாலத்தடியிலும் ரயில்வே பிளாட்பாரத்திலும் படுப்பவர்கள்தான். நாடு முழுக்க 17.73 லட்சம் பேர். இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு தேயிலை எஸ்டேட்டுகளின் லயங்களில், அதாவது கம்பெனி கட்டிய வரிசை வீடுகளில், இருக்கும் நம் தமிழ்த் தொழிலாளிகள் அதில் வரமாட்டார்கள். தலைக்கு மேல் கூரை இருக்கிறது, ஆனால் அது கம்பெனியின் கூரை.

வீடில்லாதவருக்கு வீடு தரும் கேரள அரசின் திட்டமான லைஃப் மிஷனில் எங்களுக்கு முதலில் பிடித்தது, வீடில்லாமையை அது வகை பிரித்துப் பார்த்த விதம். பாதியில் நின்ற வீடு முதல் கட்டம். நிலம் இருந்தும் வீடு இல்லாதவர் இரண்டாம் கட்டம். இரண்டுமே இல்லாதவர் மூன்றாம் கட்டம். லயத்துக்காரர் பெரும்பாலும் இந்த மூன்றாவது வகை. எஸ்டேட்டில் பேர் பதிந்து மூன்று தலைமுறை கொழுந்து கிள்ளியிருப்பார்கள், ஒரு சென்ட் நிலம் இருக்காது. ஓய்வு பெற்றதும், பிள்ளைகளில் யாரும் எஸ்டேட் வேலையில் இல்லையென்றால், லயத்தைக் காலி செய்ய வேண்டும். கிராஜுவிட்டியை (பணிக்கொடையை) 30 நாளில் தரவேண்டும் என்பது சட்டம். ஆனால் சாவியைக் கொடுத்தால்தான் பணம் என்று நிறுத்திவைக்கும் எஸ்டேட்டுகள் உண்டு.

விண்ணப்பத்தில் பலர் சறுக்குவது ரேஷன் கார்டில். ஒரு கார்டு என்றால் ஒரு குடும்பம், ஒரு வீடு. அப்பா, அம்மா, கல்யாணமான இரண்டு மகன்கள் எல்லோரும் ஒரே கார்டில் இருந்தால் மூன்று குடும்பத்துக்கும் சேர்த்து ஒரு வீடுதான். பட்டியல் எடுக்கும் அறிவிப்பு வந்தபின் கார்டைப் பிரித்துப் பயனில்லை, முன்பே பிரித்துவையுங்கள். அடுத்த சிக்கல் சாதிச் சான்றிதழ். பட்டியல் சாதியினர் தங்கள் குடும்பம் 1950க்கு முன்பே கேரளத்தில் இருந்ததைக் காட்டவேண்டும். தாத்தா பாட்டியின் பழைய எஸ்டேட் ரெக்கார்டு, பள்ளிச் சான்று எது கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள்.

நிலம் உள்ளவருக்குக் கிடைப்பது 4 லட்சம் ரூபாய். பணம் தவணையாகத்தான் வரும். ஒவ்வொரு கட்ட வேலையையும் வி.இ.ஓ. (கிராம விரிவாக்க அலுவலர்) பார்த்தபிறகே அடுத்த தவணை. சமவெளியில் சுமார் 400 சதுர அடி வீட்டுக்கே இது இறுக்கமான தொகை. மலைச்சரிவில் தாங்குசுவருக்கும், ரோட்டிலிருந்து மணலும் சிமெண்டும் சுமந்து ஏற்றும் கூலிக்கும் போனால் பேஸ்மென்டோடு வேலை நின்றுவிடுகிறது. சரிவு அதிகமான மனையில் சுவருக்கான செலவைத் தனியாகத் தேடிவைத்த பிறகே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள். மூணாறைச் சுற்றிய சில வில்லேஜ்களில் வருவாய்த்துறை என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்றும்) வாங்கவேண்டும், அஸ்திவாரம் தோண்டும் முன் அதை முடித்துவிடுங்கள்.

நிலமில்லாதவருக்கு ஃப்ளாட். அடிமாலி மச்சிப்ளாவில் உள்ள வளாகத்தில் 217 வீடுகள். ஓய்வு பெற்றவருக்கு இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் மூணாறிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். காலையில் மஸ்டருக்கு, அதாவது எஸ்டேட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது, நிற்கவேண்டியவருக்கு ஒத்துவராது. மாடு, காய்கறித் தோட்டம், விறகடுப்பு மூன்றும் போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களில் தூங்கிய 70 பேர் போனார்கள். லயத்தில் இருப்பவரை, வேலையில் இருக்கும்போதே, நிலமற்ற வீடற்றவர் பட்டியலில் முன்வரிசையில் சேர்க்கவேண்டும். இப்போதைக்கு, ஓய்வுக்கு ஐந்து வருடம் இருக்கும்போதே வார்டு மெம்பரையும் பஞ்சாயத்தையும் போய்ப் பாருங்கள்.