ஈரம் அறியும் தொட்டியும் எதிரொலிக் கைத்தடியும்

வீட்டிலேயே உருவாக்கிய கருவிகளுக்கான இக்கண்காட்சியில் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது, மண்ணின் ஈரம் குறைந்ததும் ஆர்டுயினோ என்னும் சிறு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகையின் உதவியால் தானாகவே நீர் பாய்ச்சும் செடித்தொட்டிதான். மண்ணில் செருகியிருந்த இருமுள் உணரியில் ஓயாமல் மின்சாரம் பாய்ந்ததால், ஒரு முள்ளின் செம்புப் பூச்சு மின்பகுப்பில் கரைந்து கறுத்திருந்தது. அளக்கும் கணத்தில் மட்டும் மின்சாரம் கொடுத்திருந்தாலோ, உலோகம் மண்ணில் நேரடியாகப் படாத மின்தேக்கு வகை உணரியைப் பொருத்தியிருந்தாலோ அது நெடுநாள் உழைத்திருக்கும்.

பார்வையற்றோருக்கான கைத்தடி இன்னும் கச்சிதமானது: காதுக்குக் கேட்காத 40 கிலோஹெர்ட்ஸ் மீயொலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு தடையின் தூரத்தைக் கணக்கிட்டு, கைப்பிடியை அதிரச் செய்கிறது. ஆனால், தடித்த திரைச்சீலையின் முன் நீட்டியபோது துணி ஒலியை விழுங்கிவிட்டது போலும், கைப்பிடியில் அசைவே இல்லை. பழைய கணினி ஹார்டு டிஸ்க்கைக் கொண்டு செய்த கடிகாரம் பார்வைக்கு அழகு, அவ்வளவே. மின்சுற்று வரைபடங்களை எவரும் ஒட்டி வைக்காததுதான் எனக்குப் பெருங்குறை.