சேற்றுப் பந்தயம்: முள் டயரா, வழக்கமான டயரா?

பந்தயத்துக்கு முந்தைய நாள் தடத்தில் இறங்கி, ஒரு கைப்பிடி சேற்றை எடுத்துப் பிசைந்து பாருங்கள். விரலிடுக்கில் ஒழுகினால் அது கூழ்ச் சகதி. உருட்டினால் உருண்டையாக நின்றால் களி. மவுண்டன் பைக்குக்கான சேற்றுத் தேர்வுகளில் பாதிக்கு மேல் இந்த உருண்டையிலேயே முடிவாகிவிடும்.

டயரில் தொடங்குவோம். மேக்சிஸ் வெட் ஸ்க்ரீம், ஷ்வால்பே டர்ட்டி டான் போன்ற முள் டயர்களில் பட்டன்கள், அதாவது தரையைப் பிடிக்கும் ரப்பர் முட்கள், உயரமாக, கூராக, ஒன்றுக்கொன்று நன்றாகத் தள்ளி இருக்கும். சகதியைக் குத்திக்கொண்டு போய் அடியிலுள்ள இறுகிய மண்ணைப் பிடிப்பதுதான் அவற்றின் வேலை. கூழ்ச் சகதிக்கு அடியில் கெட்டித் தரை இருந்தால் இதற்கு ஈடு கிடையாது. அதே டயர் ஈரப் பாறையிலும் மர வேரிலும் ஏறும்போது உயரமான முட்கள் மடங்கும், வண்டி பக்கவாட்டில் நெளியும். 2020 அக்டோபரில் ஆஸ்திரியாவின் லியோகாங்கில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப் போல சேறும் வேரும் கலந்த தடம் என்றால், முழு முள் நிம்மதியைத் தராது.

அதற்கு நடுவழி உண்டு: முள்ளை வெட்டுவது. டவுன்ஹில், அதாவது மலையிறக்கப் பந்தய மெக்கானிக்குகள் கட்டிங் பிளையரால் நடு வரிசை முட்களை மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை நறுக்கிவிடுவார்கள். திருப்பங்களில் பிடி கொடுப்பவை ஓர வரிசை முட்கள், அவற்றைத் தொடாதீர்கள். கொஞ்சமாக வெட்டி, ஓட்டிப் பார்த்து, பிறகு மேலும் வெட்டலாம். வெட்டியதை ஒட்ட முடியாது. வெட்டப் பயமாக இருந்தால் மேக்சிஸ் ஷார்ட்டி வாங்கலாம். முள் பாணியில் அமைந்தது, ஆனால் உயரம் குறைவு.

களி வேறு கதை. அங்கே தோற்கடிப்பது வழுக்கல் அல்ல, அடைப்பு. பின் சக்கரத்துக்கும் அதன் இருபுறமும் ஓடும் ஃபிரேம் குழாயான செயின்ஸ்டேக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையாத வண்டியில் 2.4 அங்குல டயரைப் போட்டால், களி நிறைந்து சக்கரமே நின்றுவிடும். 2.2 அங்குலத்துக்கு இறங்கினால் பக்கத்துக்குச் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் கிடைக்கும். கேட்கச் சிறிதுதான், சக்கரம் சுழல்வதா நிற்பதா என்பதை அதுவே தீர்மானிக்கும். டயரில் ஒட்டியதை உதற வேகம் வேண்டும், அதனால் களியில் மெதுவாகப் போவதே தண்டனை. குட்டை தெரிந்தால் அதற்குள்ளேயே விடுங்கள், கழுவிக்கொள்ளும். ஓரத்துப் புல்லில் ஏறித் தப்பிக்க நினைக்காதீர்கள். மண் சுவருக்குக் குழைக்கும்போது வைக்கோல் சேர்ப்போமே, களியோடு புல் சேர்ந்தால் அதே கெட்டிதான்.

எங்கள் கணிப்பு இது. டவுன்ஹில்லுக்கு வெட்டிய முள். மிதித்து ஏற வேண்டிய கிராஸ் கன்ட்ரிக்கு முன்னால் கொஞ்சம் உயரமான பட்டன், பின்னால் இடைவெளி விட்ட குறுகிய டயர். டவுன்ஹில் முள் டயர் ஒன்றே ஒரு கிலோவைத் தாண்டிவிடும். ஒன்றரை மணி நேரம் அதை மேட்டில் சுழற்றுவது வீண் உழைப்பு.

காற்று: 70 கிலோ எடையுள்ளவர் டியூப்லெஸ்ஸில் வழக்கமாக முன்னால் 20, பின்னால் 22 பிஎஸ்ஐ வைப்பவர் என்றால், சேற்றுக்கு 2 குறைக்கலாம். கல் தடமானால் பின்னால் 1 போதும். சேற்றுக்கு அடியில் ஒளிந்திருக்கும் கல் கண்ணுக்குத் தெரியாது, ரிம்முக்குத்தான் தெரியும். குறுகிய டயருக்கு மாறியிருந்தால் குறைக்கவே வேண்டாம்.

பிரேக் பேடில் எங்களுக்குத் தயக்கமே இல்லை: சின்டர்டு, அதாவது உலோகத் துகள் கலந்தது. ஆர்கானிக் பேட் சத்தமில்லாமல் மென்மையாகப் பிடிக்கும், ஆனால் மணல் கலந்த சேற்றில் ஒரே பந்தயத்தில் தகடு வரை தேய்ந்துபோகக்கூடும். சின்டர்டு கத்தும், குளிரில் முதல் பிடி மந்தமாக இருக்கும், ஆனாலும் கடைசிச் சுற்று வரை நிற்கும். இரண்டு எச்சரிக்கை. டிஸ்க்கில் ரெசின் பேட் (ஆர்கானிக்கின் இன்னொரு பெயர்) மட்டும் என்று பொறித்திருந்தால் சின்டர்டு போடக் கூடாது. புதுப் பேடைப் பந்தயக் காலையில் மாட்டக் கூடாது. முதல் நாளே காய்ந்த சாலையில் 20 முறையாவது வேகமெடுத்து, பிரேக்கை அழுத்திப் பழக்குங்கள். பழகாத பேட் சேற்றில் சோப்பு போலக் கரையும்.

செயினுக்கு மெழுகு வேண்டாம், தண்ணீர் கழுவிக்கொண்டு போய்விடும். ஈரத்துக்கான எண்ணெயை முந்தைய இரவே ஒவ்வொரு ரோலருக்கும் ஒரு சொட்டு விட்டு, வெளிப்புறத்தைத் துடைத்துவிடுங்கள். பெடலோடு சுழலும் முன் பல்சக்கரமான செயின்ரிங்கில் 34 பல் என்றால் 32க்கு இறங்குவது நல்லது.

ஷூவை மாட்டிக்கொள்ளும் பெடலில், கிராங்க் பிரதர்ஸ் எக்பீட்டர் போன்ற நான்கு பக்கமும் திறந்த வடிவம் சேற்றைத் தானே தள்ளிவிடும். ஷிமானோவின் எஸ்பிடி பெடல் நீடித்து உழைக்கும், ஆனால் களியில் அடைத்துக்கொள்ளும். எஸ்பிடிதான் இருக்கிறதென்றால் ஷூவின் அடியில் சமையல் எண்ணெயை லேசாகப் பூசலாம். அந்தக் கையோடு டிஸ்க்கைத் தொட்டுவிடாதீர்கள்.

ஏற்றத்தில் மிதிப்பதா, இறங்கி ஓடுவதா? வேகம் நடை அளவுக்குக் குறைந்துவிட்டால் இறங்குங்கள். அடுத்த கேள்விக்கு மறுபடி அந்த உருண்டைதான் பதில். கூழ்ச் சகதியில் தள்ளிக்கொண்டு ஓடலாம். களியில் தள்ளினால் ஒவ்வொரு அடிக்கும் டயர் தடிக்கும், தோளில் தூக்குவதே லாபம். ஷூ முனையில் இரண்டு முள் திருகிக்கொண்டால் கால் வழுக்காது.

சேற்றிலும் புல்லிலும் ஓடும் இன்னொரு சைக்கிள் பந்தயமான சைக்ளோகிராஸில் சேறு ஏறிய வண்டியை மாற்றிக்கொள்ளலாம், ஒலிம்பிக் வகைக் கிராஸ் கன்ட்ரியில் வண்டி மாற்ற அனுமதியில்லை. அதனால் ஃபீட் ஜோனில் (உணவும் தண்ணீரும் கொடுக்கும் இடத்தில்) வாங்கும் பாட்டில்களில் ஒன்றில் வெறும் தண்ணீரை நிரப்பச் சொல்லுங்கள். கியர் தாவத் தொடங்கும்போது பாதியைப் பின் டிரெய்லியரின் (கியர் மாற்றும் அமைப்பின்) சிறு சக்கரங்கள் மேல் பீய்ச்சுங்கள், மீதியைக் குடிக்கலாம்.