மூலையில் ஒரு பொத்தானா, வாட்ஸ்அப்பா, தளத்தையே திருத்துவதா?

காரைக்குடிப் பலகாரக் கடை, ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை, கானாடுகாத்தானில் விடுதியாக மாறிய பழைய வீடு என்று செட்டிநாட்டில் வலைத்தளம் வைத்து நடக்கும் தொழில்கள் பல. ஆர்டர் கொடுப்பவர் சென்னையில் இருப்பார், சிங்கப்பூரில் இருப்பார். அவர்களில் பார்வையற்றவர் உண்டு, காது கேளாதவர் உண்டு, கை நடுங்குவதால் சின்னப் பொத்தானைச் சரியாகத் தொட முடியாத ஆச்சியும் உண்டு. இவர்களையும் வரவேற்க நினைக்கும் முதலாளிக்கு மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன. மாற்றுத்திறனாளிகளுக்குத் தளத்தை எளிதாக்கித் தருவதாகச் சொல்லும் ‘ஆக்சஸிபிலிட்டி’ பொத்தான் ஒன்றைச் சந்தா கட்டித் தளத்தின் மூலையில் மாட்டலாம். தளத்தை மறந்துவிட்டு வாட்ஸ்அப்பிலேயே விற்கலாம். இல்லையென்றால் தளத்தையே திருத்தலாம்.

மூன்றையும் ஒரு கண்டாங்கிச் சேலையை வைத்துப் பார்ப்போம். பார்வையற்றவர் போனில் டாக்பேக்கோ வாய்ஸ்ஓவரோ, கணினியில் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏவோ (இவைதான் திரைவாசிப்பான்கள்) பக்கத்தை வாசித்துச் சொல்லக் கேட்கிறார். சேலைப் படத்தோடு விளக்கம் சேர்க்காமல் விட்டால் அவர் காதில் விழுவது பெரும்பாலும் கோப்பின் பெயரும் ஏதோ எண்ணும்தான். மூலையில் மாட்டிய பொத்தான் ஊகித்து ‘துணி’ என்று சொல்லக்கூடும். துணி என்பது அவருக்கும் தெரியும். அவர் கேட்பது ‘அரக்கு உடல், கடுகு மஞ்சள் கரை, பெரிய கட்டம், பருத்தி’ என்பதை. அதைக் கடைக்காரர்தான் எழுத முடியும்.

பொத்தானால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். எழுத்தைப் பெரிதாக்கும், நிறத்தை மாற்றும். ஆனால் அதையெல்லாம் போனும் பிரவுசரும் ஏற்கெனவே செய்கின்றன. திரைவாசிப்பான் வைத்திருப்பவருக்கோ சில நேரம் இது குறுக்கே வந்து நிற்கும். எந்தத் தளத்தையும் விதிகளுக்கு ஏற்றதாக மாற்றிவிடுவோம் என்று விளம்பரம் செய்த ஆக்சஸிபி நிறுவனத்தை அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2025-ல் 10 லட்சம் டாலர் கட்ட வைத்தது. நம்மூரில் அந்தப் பொத்தானை விற்க வருகிறவர் இந்தச் செய்தியைச் சொல்வாரா என்பது சந்தேகம்தான்.

வாட்ஸ்அப் அப்படியில்லை, அது கெட்டியான போட்டியாளர். டைப் செய்ய முடியாதவர் பேசி அனுப்பலாம். ‘கரை என்ன நிறம்?’ என்று கேட்டால் விற்கிறவரே பதில் சொல்வார். மனிதர் சொல்லும் பதிலுக்கு ஈடு கிடையாது. சிக்கல் வேறு இடத்தில். விலைப்பட்டியல் போஸ்டராக, அதாவது எழுத்தாக இல்லாமல் படமாகப் போகிறது. ‘விலைக்கு அழைக்கவும்’ என்ற ஒரே வரி காது கேளாதவரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. அப்புறம், ராத்திரி பதினோரு மணிக்கு மணகோலம் கிலோ என்ன விலை என்று பார்க்க நினைப்பவர் விடியும்வரை காத்திருக்க வேண்டும்.

தளத்தைத் திருத்துவது கேட்கும்போது பெரிய வேலையாகத் தெரியும். பத்துப் பக்கத் தளத்துக்கு அது அவ்வளவு பெரியதில்லை. மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு டேப் விசையாலேயே ஆர்டர் பக்கம் வரை போய்ப் பாருங்கள். எங்கே மாட்டிக்கொள்கிறீர்களோ அங்கேதான் முதல் வேலை. 2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2 என்ற உலகளாவிய நெறிமுறை அளவுகளும் தருகிறது: சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வெளிச்ச வேறுபாடு (கான்ட்ராஸ்ட்), தொடும் இடம் குறைந்தது 24 பிக்சல். வெள்ளைப் பின்னணியில் கடுகு மஞ்சளில் விலை போடும் நம் வழக்கம் இதில் அடிபடும். அதே மஞ்சள் மேல் கறுப்பில் எழுதினால் தேறிவிடும்.

தமிழ்த் தளங்களுக்கென்றே ஒரு நோய் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். திரைவாசிப்பானுக்கு அது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். யூனிகோடுக்கு மாற்றி, பக்கத்தின் மொழி தமிழ் என்று தளத்தின் நிரலிலும் குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால் ஆங்கிலக் குரலை வைத்து அதிரசத்தை வாசிக்கப் பார்க்கும்.

விடுதிகளுக்கு இன்னொன்று. செட்டிநாட்டு வீட்டின் அழகே உயர்ந்த திண்ணையும் படியும் நிலைப்படியும்தான். சக்கர நாற்காலியில் வருபவருக்கு அவைதான் தடை. வாசலில் எத்தனை படி, தரைத்தளத்தில் அறை உண்டா, குளியலறைக் கதவு எவ்வளவு அகலம் என்று தளத்தில் ஒளிக்காமல் எழுதுங்கள். முகப்பின் இருபது படங்களைவிட இந்த நாலு வரி அவருக்குப் பெரிது. இதை எந்தப் பொத்தானும் எழுதித் தராது.

சட்டத்தைப் பற்றிக் கேட்டால், 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றமும் 2025 ஏப்ரல் 30 அன்று சொல்லிவிட்டது.

என் தேர்வு இது: விடுதிக்கும் சேலைக் கடைக்கும் தளத்தைத் திருத்துவதுதான் சரி, வாட்ஸ்அப் எண் கூடவே இருக்கட்டும். பத்து வகைப் பலகாரம் மட்டும் விற்கும் வீட்டுத் தொழிலுக்கு வாட்ஸ்அப்பே போதும், ஆனால் விலையைப் போஸ்டரில் போடாமல் எழுத்தாக அனுப்ப வேண்டும். பொத்தானுக்குக் கட்டும் சந்தாவைத் தளம் செய்து கொடுத்தவரிடம் தந்து படங்களுக்கு விளக்கமும் படிவத்தில் நிரப்பும் ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயரும் போடச் சொல்லலாம். பணம் கட்டும் பக்கம் மட்டும் நம் கையில் இல்லை. கோணல் எழுத்தைப் படித்துத் தட்டச் சொல்லும் கேப்ச்சா அங்கே இருந்தால் வேறு பேமென்ட் கேட்வே பாருங்கள், அதுவரை யுபிஐ எண்ணையும் எழுத்தாகக் கொடுத்து வையுங்கள்.